அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களுக்கும் அவர்களது கைம்பெண்களுக்கும் ஓய்வூதியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து 1775 முதல் 1783 வரை போரிட்டன. அந்தப் போரில் பங்கேற்ற படைவீரர்களுக்கும், அவர்களுக்குப் பின் அவர்களது மனைவியருக்கும் வழங்கப்பட்ட ஓய்வூதியங்களைக் குறித்து எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பிரிட்டனோடு மீண்டும் மூண்ட 1812-ஆம் ஆண்டுப் போரின் வீரர்களைப் பற்றிய ஒரு கேள்வியும் பின்பகுதியில் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின் உருவான ஓய்வூதிய முறை தனியாக எழுதப்பட வேண்டிய பெரிய கதை என்பதால் அது இங்கே சேர்க்கப்படவில்லை.

முதல் ஓய்வூதியச் சட்டம் எப்போது வந்தது?

விடுதலைப் பிரகடனம் வெளியாகி இரண்டு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், 1776 ஆகஸ்ட் 26 அன்று, குடியேற்றங்களின் பொது அவையாகிய கண்டப் பேரவை முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரில் கை கால் இழந்தவர்களுக்கும், உழைத்துப் பிழைக்க முடியாத அளவுக்கு உடல் ஊனமுற்றவர்களுக்கும், அந்த ஊனம் நீடிக்கும்வரை அல்லது வாழ்நாள் முழுவதும், பாதிச் சம்பளம் தரப்படும் என்று அது அறிவித்தது. நல்லெண்ணத்தோடு ஆள்சேர்ப்புக் கவலையும் அதில் கலந்திருந்தது. ஊனமுற்றால் குடும்பம் தெருவில் நிற்கும் என்று அஞ்சுகிறவன் படையில் சேரத் தயங்குவான் அல்லவா?

சிக்கல் என்னவென்றால், கண்டப் பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. எனவே பணம் கொடுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. மாநிலங்களில் சில கொடுத்தன, சில தாமதித்தன, சில அலட்சியம் செய்தன. ஒரே படைப்பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று காலிழந்த இருவர் ஊர் திரும்பியபின் வெவ்வேறு கதிக்கு ஆளாகலாம் என்பதே அன்றைய நிலை.

அதிகாரிகளுக்குத் தனிச் சலுகை இருந்ததா?

இருந்தது, அது பெரும் பூசலுக்கும் காரணமாயிற்று. வேலி ஃபோர்ஜ் முகாமில் பட்டினியோடு கழிந்த 1777–78 குளிர்காலத்தில் அதிகாரிகள் பலர் பதவி விலகத் தொடங்கினர். அவர்களைத் தக்கவைத்துக்கொள்ள வேறு வழியில்லை என்று படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வற்புறுத்தியதன்பேரில், போர் முடியும்வரை பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு அதன்பின் ஏழு ஆண்டுகள் பாதிச் சம்பளம் என்று 1778 மே 15 அன்று பேரவை ஒப்புக்கொண்டது. சாதாரண வீரர்களுக்கோ ஒரே தடவையாக 80 டாலர் மட்டுமே. 1780 அக்டோபரில் அதிகாரிகளின் ஏழாண்டுச் சலுகை வாழ்நாள் சலுகையாக நீட்டிக்கப்பட்டது.

வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துப் பகுதி மக்களுக்கு இது அறவே பிடிக்கவில்லை. உழைக்காமல் அரசுப் பணத்தில் வாழும் ஒரு வகுப்பை உருவாக்குவது தாங்கள் எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் முறையையே திரும்பக் கொண்டுவருவதாகும் என்று அவர்கள் வாதிட்டனர். மறுபுறம், 1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் இருந்த அதிகாரிகள் நிலுவைச் சம்பளமும் கிடைக்காமல், வாக்களிக்கப்பட்ட பாதிச் சம்பளமும் உறுதியாகாமல் கொதித்துப்போய்ப் பேரவைக்கு எதிராகவே திரும்பும் நிலைக்கு வந்தார்கள். வாஷிங்டன் நேரில் சென்று பேசினார். ஒரு கடிதத்தைப் படிக்கும்போது மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பணியிலேயே தம் பார்வையும் மங்கிவிட்டதாக அவர் சொன்ன கணத்தில் அவையோர் மனம் இளகிற்று. அடுத்த வாரமே, மார்ச் 22 அன்று, வாழ்நாள் பாதிச் சம்பளத்துக்குப் பதிலாக ஐந்தாண்டு முழுச் சம்பளத்தை 6 சதவீத வட்டியுள்ள பத்திரங்களாகத் தருவதென்று பேரவை முடிவெடுத்தது. இன்றைய ஓய்வூதியர்கள் ‘கம்யூட்டேஷன்’ என்று அறிந்திருக்கும் அதே ஏற்பாடுதான், அதே பெயரில்.

பத்திரம் கையில் இருந்தால் அடுப்பு எரியாது. பலர் அதை முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு வணிகர்களிடம் விற்றுவிட்டனர். 1790-இல் நிதித்துறைச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் அரசுக்கடன்களை முழு மதிப்பில் ஏற்றுக்கொண்டபோது, முதலில் பெற்ற வீரர்களுக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் முன்வைத்த யோசனை தோற்றது. ஆதாயம் முழுவதும் வாங்கி வைத்திருந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

புதிய அரசியலமைப்பு வந்தபின் என்ன மாறியது?

1789 செப்டம்பர் 29 அன்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, அதுவரை மாநிலங்கள் கொடுத்துவந்த ஊனமுற்றோர் ஓய்வூதியங்களை நடுவண் அரசு ஏற்றுக்கொண்டது. 1792-இல் புதிய விண்ணப்பங்களை விசாரிக்கும் வேலை நடுவண் நீதிமன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நீதிபதிகள் காயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். ஆனால் போர்த்துறைச் செயலர் அதை நிறுத்திவைக்கலாம். தங்கள் தீர்ப்பை ஓர் அமைச்சர் மாற்றலாம் என்பது நீதித்துறையின் தன்னுரிமைக்கு இழுக்கு என்று சொல்லிப் பென்சில்வேனியா வட்டார நீதிபதிகள் வில்லியம் ஹேபர்ன் என்ற வீரரின் விண்ணப்பத்தை விசாரிக்க மறுத்தனர். நியூயார்க்கிலோ தலைமை நீதிபதி ஜான் ஜேயும் அவருடன் அமர்ந்தவர்களும், நீதிபதிகளாக அன்றித் தனிப்பட்ட ஆணையர்களாகச் செயல்படுவதாக வைத்துக்கொண்டு வேலையைச் செய்தனர். அடுத்த ஆண்டே சட்டம் மாற்றி எழுதப்பட்டது. அதிகாரப் பிரிவினை பற்றி அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் ஒரு வழக்கு, ஊனமுற்ற வீரர் ஒருவரின் ஓய்வூதிய மனுவிலிருந்து பிறந்தது.

1818-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் திருப்புமுனை எனப்படுகிறது?

அதுவரை ஓய்வூதியத்துக்கு அடிப்படை காயம். 1818 மார்ச் 18 அன்று வந்த சட்டம் முதன்முறையாகப் பணிக்காலத்தை அடிப்படையாக்கியது. கண்டப் பேரவையின் நிலைப்படையிலோ கடற்படையிலோ ஒன்பது மாதங்கள், அல்லது போர் முடியும்வரை, பணியாற்றியவராகவும், இப்போது நாட்டின் உதவியின்றி வாழ இயலாத வறிய நிலையில் இருப்பவராகவும் இருந்தால், அதிகாரிக்கு மாதம் 20 டாலர், மற்றவர்களுக்கு மாதம் 8 டாலர். இதைப் பரிந்துரைத்த குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோவும் அந்தப் போரில் டிரென்டன் சண்டையில் தோளில் குண்டடிபட்டவர்தான்.

செனட்டில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. வட கரோலினாவின் நத்தானியல் மேக்கன் முதலியோர், நாட்டை வென்றெடுத்தது மக்கள் அனைவரும் சேர்ந்து நடத்திய போர் என்றும், நிலைப்படையினரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருமைப்படுத்துவது தகாது என்றும் வாதிட்டனர். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். சொந்தத் துப்பாக்கியோடு சில வாரங்கள், சில மாதங்கள் என்று வந்து போரிட்டுப் பின் வயலுக்குத் திரும்பிய குடிப்படையினருக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய உழவர்களைத் திரட்டி மாநில அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த முன்னாள் கேப்டன் டேனியல் ஷேஸ், முதுமையில் இச்சட்டத்தின்கீழ் ஓய்வூதியம் பெற்றார். சட்டம் கேட்டது இரண்டே இரண்டு: பணியாற்றினாயா, இப்போது ஏழையா?

ஏழை என்பதை எப்படி நிரூபித்தார்கள்?

முதலில் வாய்மொழி உறுதியே போதுமானதாக இருந்தது. விளைவு, 1816-இல் ஏறத்தாழ 2,200 ஆக இருந்த ஓய்வூதியர் எண்ணிக்கை 1820-இல் 17,730 ஆயிற்று; ஆண்டுச் செலவு 1,20,000 டாலரிலிருந்து 14 லட்சம் டாலராக உயர்ந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு போரில் இத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று நாடாளுமன்றம் எதிர்பார்க்கவில்லை. போலி விண்ணப்பங்கள், பசையுள்ளவர்கள் ஏழை வேடம் போடுகிறார்கள் என்ற புகார்கள் எல்லாம் எழுந்தன.

அதனால் 1820 மே 1 அன்று ஒரு திருத்தச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் தம் சொத்துப் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும்; உடுக்கும் துணியும் படுக்கையும் தவிர மற்ற அனைத்தும் பட்டியலில் இடம்பெற வேண்டும்; 1818 மார்ச் 18-க்குப் பின் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதற்காகவே எந்தச் சொத்தையும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்று உறுதிமொழியும் கூற வேண்டும். மெய்ன் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற முன்னாள் சார்ஜண்ட் தமக்கு நிலமோ வருமானமோ இல்லை என்றும், இருப்பவை இரண்டு பசுக்கள், ஆறு செம்மறிகள், ஒரு பன்றி மட்டுமே என்றும் எழுதிக் கொடுத்தார். பதினைந்து வயதில் படையில் சேர்ந்து போர் முடியும்வரை நின்றவர் அவர். இத்தகைய பட்டியல்களில் விரிசல் விட்ட இரும்புச் சட்டி, உடைந்த நாற்காலி, சில கரண்டிகள் எனப் பொருள்களும், கூடவே மனைவியின் நோயும், பிள்ளைகளின் வயதும் வரிசையாக நிற்கின்றன. நாட்டுக்காகப் போரிட்டவர் ஊராரின் முன் தம் சட்டி பானைகளை எண்ணிக் காட்ட நேர்ந்தது.

ஆயிரக்கணக்கானோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். எவ்வளவு சொத்து இருந்தால் ஏழை அல்ல என்று சட்டம் எல்லை எதையும் வகுக்கவில்லை. போர்த்துறையே முடிவு செய்தது. நீக்கப்பட்டவர்களில் பலர் 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் சேர்க்கப்பட்டனர்.

வறுமைச் சோதனை எப்போது நீங்கியது?

1828 மே 15 அன்று, போர் முடியும்வரை நிலைப்படையில் இருந்தவர்களுக்கு எந்தச் சொத்து விசாரணையும் இன்றி வாழ்நாள் முழுச் சம்பளம் வழங்கப்பட்டது. 1832 ஜூன் 7 அன்று வந்த சட்டமே எல்லாவற்றிலும் விரிவானது. நிலைப்படை, மாநிலப்படை, தன்னார்வலர், குடிப்படை, கடற்படை என்ற வேறுபாடின்றி, இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவருக்கு முழுச் சம்பளம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணியாற்றியவருக்கு அதற்கேற்ற பங்கு. சாதாரண வீரருக்கு முழுத்தொகை ஆண்டுக்கு 80 டாலர். ஆறு மாதப் பணிக்கு 20 டாலர். 1818-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 96 டாலர் பெற்றுவந்தவர்களுக்கு இது குறைவு என்பதைக் கவனிக்கவும்; ஒன்றை விட்டால்தான் மற்றொன்றைப் பெறலாம் என்பதால், அவர்கள் பழையதிலேயே இருந்துவிடுவது ஆதாயமாக இருந்தது.

இந்தத் தாராளத்துக்கு ஒரு காரணம் வெளிப்படை. போர் தொடங்கி 57 ஆண்டுகள் ஆகிவிட்டன. உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். கதவு அகலமாகத் திறந்தபோது உள்ளே வரச் சிலரே மிஞ்சியிருந்தனர்.

படைப்பதிவேடுகளைப் பார்த்தே கொடுத்திருக்கலாமே, வீரர்களிடம் சான்று ஏன் கேட்டார்கள்?

பதிவேடுகள் எரிந்துபோயிருந்தன. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் ஏற்பட்ட தீ அதற்கு முன் வந்த ஓய்வூதிய விண்ணப்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகருக்குத் தீ வைத்தபோது மேலும் சில ஆவணங்கள் போயின. எஞ்சிய ஆள் பட்டியல்களில் குடிப்படையினர் பெயர்கள் அரைகுறையாகவே இருந்தன.

எனவே சுமை முழுவதும் முதியவரின் நினைவாற்றல்மேல் விழுந்தது. 1832-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பிப்பவர் உள்ளூர் நீதிமன்றத்தில் தோன்றி, வகுத்துத் தரப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்? வயதுக்குப் பதிவு ஏதும் உண்டா? படைக்கு அழைக்கப்பட்டபோது எந்த ஊரில் இருந்தீர்? தாமாகச் சேர்ந்தீரா, குலுக்கலில் வந்தீரா, வேறொருவருக்குப் பதிலாகப் போனீரா? உடனிருந்த நிலைப்படை அதிகாரிகள் யார் யார்? விடுவிப்புச் சீட்டு கிடைத்ததா, இப்போது எங்கே இருக்கிறது? உம் நேர்மைக்கு அக்கம்பக்கத்தில் யார் சாட்சி? சமயப் போதகர் ஒருவரும் அண்டை வீட்டார் ஒருவரும் அவர் போர்வீரர் என்று ஊரார் நம்புவதை உறுதிசெய்ய வேண்டும்.

எழுதத் தெரியாத பலர் சொல்லச் சொல்ல எழுத்தர்கள் எழுதினர். ஆகவே பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டன, மாதங்கள் மாறின, வாஷிங்டனை நேரில் கண்ட காட்சி மட்டும் எப்போதும் தெளிவாக இருந்தது. இந்த வாக்குமூலங்களை நீதிமன்றச் சான்றாக வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் தெரியும். எளியவர்கள் சொன்ன போர்க்கதைகளாக வைத்துப் பார்த்தால், இவற்றுக்கு நிகரான திரட்டு அந்தக் காலத்தில் வேறெங்கும் கிடைப்பது அரிது. கோப்புகளைக் காக்கத் தவறிய அரசு, தன்னையறியாமல் ஒரு பெரும் வாய்மொழி வரலாற்றைத் திரட்டிவிட்டது.

கைம்பெண்களுக்கு எப்போதிலிருந்து ஓய்வூதியம் கிடைத்தது?

பணியில் இறந்த அதிகாரிகளின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் ஏழாண்டுப் பாதிச் சம்பளம் என்று 1780 ஆகஸ்டிலேயே முடிவானது. சாதாரண வீரரின் மனைவிக்குப் பொதுச் சட்டமாக ஒன்று வர 1836 ஜூலை 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டமும், கணவரின் படைப்பணி முடிவதற்கு முன்பே திருமணம் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. கணவர் போர்க்களத்தில் இருந்தபோது வயலையும் குழந்தைகளையும் தனியே சுமந்தவள் போரில் பங்கு கொண்டவளே என்பது இதன் உட்பொருள். எனக்குத் தெரிந்தவரை இந்தச் சட்டங்கள் எல்லாவற்றிலும் தெளிவான நியாயத்தின்மேல் நின்றது இதுதான்.

பிறகு திருமணத் தேதி சிறிது சிறிதாக நகர்ந்தது. 1838-இல் 1794 ஜனவரி 1-க்கு முன் மணந்தவர்களுக்கு ஐந்தாண்டு ஓய்வூதியம். 1843, 1844 ஆண்டுகளில் காலநீட்டிப்பு. 1848 ஜூலையில் 1800-க்கு முன் மணந்தவர்களுக்கு வாழ்நாள் ஓய்வூதியம். 1853-இல் தேதி வரம்பே நீங்கியது. 1878-இல், பதினான்கு நாள் பணியாற்றிய வீரரின், அல்லது ஏதேனும் ஒரு சண்டையில் கலந்துகொண்ட வீரரின், கைம்பெண்ணுக்கும் உரிமை கிடைத்தது. அப்போது போர் முடிந்து 95 ஆண்டுகள்.

திருமணத்தை எப்படி நிரூபித்தார்கள்?

இங்கேதான் ஆவணங்கள் உயிர் பெறுகின்றன. அக்காலத்தில் பல இடங்களில் அரசுத் திருமணப் பதிவு கிடையாது. தேவாலயப் பதிவேடு இருந்தால் அதன் நகல் போதும். இல்லாதவர்கள் திருமணத்துக்கு வந்திருந்த முதியவர் யாரையேனும் தேடிப்பிடித்து நீதிமன்றத்துக்கு அழைத்துவந்தனர். குடும்ப பைபிளின் நடுப்பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிவைக்கும் வழக்கம் இருந்ததால், அந்த ஏட்டையே கிழித்து விண்ணப்பத்தோடு அனுப்பினர். வேறு சிலர் சிறுமியாக இருந்தபோது குடும்ப விவரங்களை நூலால் தைத்த பூத்தையல் துணியை அனுப்பினர்; பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பங்கள் வண்ணம் தீட்டிய பிறப்புச் சான்றோவியங்களை அனுப்பின. அனுப்பப்பட்ட பலவும் திரும்பி வரவில்லை. வீட்டின் நினைவு முழுவதும் அரசுக் கோப்பில் ஒரு தாளாகத் தங்கிவிட்டது.

போரிட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் கிடைத்ததா?

சிலருக்குக் கிடைத்தது. 1776 நவம்பரில் வாஷிங்டன் கோட்டைச் சண்டையில், பீரங்கிப் படையில் இருந்த கணவர் வீழ்ந்ததும் அவரிடத்தில் நின்று பீரங்கியை இயக்கிப் படுகாயமுற்ற மார்கரெட் கார்பினுக்கு, 1779 ஜூலையில் கண்டப் பேரவை பாதிச் சம்பளமும் ஒரு முழு உடையும் வழங்கியது.

டெபோரா சாம்ப்ஸன் ஆணுடை தரித்து ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் பணியாற்றியவர். 1804-இல் அவருக்காக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர் விடுதலைப் போராட்டத்தில் புகழ்பெற்ற பால் ரெவியர். 1805-இல் மாதம் 4 டாலர் கிடைத்தது. 1818-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது 8 ஆயிற்று. 1827-இல் அவர் இறந்தபின், 1836-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும், கணவர் பெஞ்சமின் கானட் தமக்கும் அந்த உரிமை உண்டு என்று விண்ணப்பித்தார். சட்டத்தில் ‘கைம்பெண்’ என்றுதான் இருந்தது. மனைவியை இழந்த ஆணுக்கு இடமில்லை. கணவரும் இறந்தபின், 1838-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி வாரிசுகளுக்கு அந்தத் தொகையைக் கொடுத்தது.

கறுப்பின வீரர்களின் நிலை?

சட்டங்களில் நிறத்தைப் பற்றிய பேச்சு இல்லை. சுதந்திரக் கறுப்பின வீரர்கள் பலர் பெற்றனர். மாசசூசெட்ஸைச் சேர்ந்த அக்ரிப்பா ஹல், வாஷிங்டன் கையொப்பமிட்ட விடுவிப்புச் சீட்டை விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டு, ஓய்வூதியம் போனாலும் போகட்டும், அந்தத் தாள் திரும்ப வேண்டும் என்று கேட்டவர். ரோட் தீவின் ஜெஹு கிராண்டின் கதை வேறு. பிரிட்டிஷ் ஆதரவாளரான எசமானரிடமிருந்து தப்பி ஓடிப் படையில் சேர்ந்து பத்து மாதங்கள் பணியாற்றியவர் அவர். ஓடிவந்த அடிமையாக இருந்த காலத்துப் பணி சட்டத்தில் அடங்காது என்று அவரது விண்ணப்பம் தள்ளப்பட்டது. விடுதலை முழக்கத்தைக் கேட்டுத்தான் ஓடினேன் என்று 1836-இல் அவர் மீண்டும் எழுதினார். முடிவு மாறவில்லை.

நிலமும் கொடுத்தார்களாமே?

ஆம். 1776-இலேயே சாதாரண வீரருக்கு 100 ஏக்கர், கர்னலுக்கு 500 ஏக்கர் என மானிய நிலம் வாக்களிக்கப்பட்டது. மேற்கே குடியேற முடியாத முதியவர்கள் பலர் நிலச்சீட்டை வாங்கியதும் விற்றுவிட்டனர்.

1812-ஆம் ஆண்டுப் போர் வீரர்களுக்கு?

பணிக்கால ஓய்வூதியம் 1871 பிப்ரவரி 14 அன்றுதான் வந்தது: அறுபது நாள் பணி, மாதம் 8 டாலர், 1815-இல் அமைதி உடன்படிக்கை உறுதியாவதற்கு முன் மணந்த கைம்பெண்களுக்கும் அதே தொகை. 1878-இல் அறுபது நாள் பதினான்கு நாளாகக் குறைந்தது, திருமணத் தேதி வரம்பும் நீங்கியது. முந்தைய போரின் கதையே வேகமாகத் திரும்ப நடந்தது.

கடைசியாகப் பெற்றவர்கள் யார்?

விடுதலைப் போர் ஓய்வூதியம் பெற்ற கடைசி வீரர் நியூயார்க் மாநிலத்தின் டேனியல் பேக்மன். அவரால் தம் பணியை ஆவணங்களால் நிரூபிக்க முடியவில்லை; 1867-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் ஆண்டுக்கு 500 டாலர் வழங்கியது. 1869 ஏப்ரலில் இறந்தார். கடைசிக் கைம்பெண் வெர்மான்ட்டின் எஸ்தர் டேமன். 1835-இல், இருபத்தொரு வயதில், எழுபது வயதைக் கடந்த நோவா டேமனை மணந்தவர். 1906 நவம்பரில் மறைந்தார்.

அந்த விண்ணப்பங்களை இன்று பார்க்க முடியுமா?

முடியும். ஏறத்தாழ 80,000 கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 2,670 நுண்படச் சுருள்களாகப் பதிவு செய்யப்பட்டு, இணையத்திலும் கிடைக்கின்றன. எண்ணுக்கு முன் ‘எஸ்’ என்றிருந்தால் வீரரே பெற்றது, ‘டபிள்யூ’ என்றால் கைம்பெண் பெற்றது, ‘ஆர்’ என்றால் நிராகரிக்கப்பட்டது. முன்னோரைத் தேடுவோர் ‘ஆர்’ கோப்புகளை ஒதுக்கிவிடக் கூடாது. நிராகரிப்பு என்பது பொய் என்று பொருள்படாது; ஆறு மாதத்துக்குச் சில நாள் குறைந்ததாலும், சாட்சி இறந்துவிட்டதாலும், திருமணத் தேதி தவறான பக்கத்தில் விழுந்ததாலும் தள்ளப்பட்டவை அவற்றில் நிறைய. ஜெஹு கிராண்டின் இரண்டு கடிதங்களும் அப்படியொரு கோப்பில்தான் கிடக்கின்றன.